அடுக்குகளால் ஓர் அசைபடம்: கிம்ப்பில் அகல் விளக்கின் சுடரை ஆடவைத்தல்

கிம்ப் மென்பொருளைப் பெரும்பாலோர் புகைப்படங்களைச் செப்பனிடவும் சுவரொட்டிகளைத் தயாரிக்கவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதே மென்பொருளில், கூடுதலாக எதையும் நிறுவாமல், கையால் வரைந்த சிறிய அசைபடம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்துவிட முடியும். அசைபடத்துக்கென்று தனியான காலக்கோடு எதுவும் அதில் கிடையாது. நாம் லேயர் என்று வழக்கமாகச் சொல்லும் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேமாக, அதாவது அசைபடத்தின் ஒரு தனிப்படமாக, ஓடுகின்றன. எது எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை அந்த அடுக்கின் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். கிரிட்டா போன்ற ஓவிய மென்பொருள்களில் இதற்கு வசதியான காலக்கோடு இருக்கிறது. ஃபோட்டோஷாப்பிலும் அடுக்குகளை ஃபிரேம்களாக மாற்றித் தரும் பலகை இருக்கிறது. இருந்தாலும், ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் அடுக்கி, அதற்குரிய நேரத்தை நாமே எழுதிப் பார்ப்பவருக்கு அசைவு எங்கிருந்து பிறக்கிறது என்பது விரைவில் பிடிபட்டுவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கிம்ப்பையே பரிந்துரைக்கிறேன். அது முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். 2018இல் வெளிவந்த 2.10 பதிப்புக்கும் 2025இல் வெளிவந்த 3.0 பதிப்புக்கும் இங்கே சொல்லப்படும் வழி பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, இருண்ட பின்னணியில் எரியும் ஓர் அகல் விளக்கை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைத் தீபத்துக்கு நண்பர்களுக்கு அனுப்பும் வாழ்த்தாக இதைப் பயன்படுத்தலாம் என்பது ஒரு வசதி. அதைவிட முக்கியமான காரணம், இந்தப் படத்தில் அசையாத பகுதியும் அசையும் பகுதியும் மிகத் தெளிவாகப் பிரிந்திருப்பதாகும். விளக்கும் இருட்டும் அப்படியே இருக்கும். சுடர் மட்டும் ஆடும். அடுக்குகளைக் கையாளக் கற்றுக்கொள்வதற்கு இப்படிப்பட்ட படமே ஏற்றது.

எத்தனை படங்கள் வரைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் பலரைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகிறது என்றாலும், கையால் வரையும் அசைபடக் கலைஞர்கள் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, விநாடிக்கு 12 ஓவியங்களோடு வேலையை முடிப்பது நெடுங்கால வழக்கம். நம் சுடருக்கு அதுவும் தேவையில்லை. 7 ஓவியங்கள் போதும். அவற்றில் சிலவற்றை மறுபடி பயன்படுத்தி 11 ஃபிரேம்கள் ஆக்கிக்கொள்ளலாம். அந்த ஏழில் ஒவ்வொன்றும் அழகாக இருக்கிறதா என்பதைவிட, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுடர் எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே படம் உயிரோடு தெரிவதற்குக் காரணமாகிறது.

மேடையைத் தயார் செய்தல்

ஃபைல் பட்டியில் நியூ என்பதைத் தேர்ந்து, 320க்கு 320 பிக்சல் அளவில் ஒரு புதிய படத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு இதைவிடப் பெரிய அளவு வேண்டாம். பெரிய படத்தில் வரைவதற்கும் நேரம் பிடிக்கும், கோப்பும் கனத்துவிடும். கீழ் அடுக்கு முழுவதையும் கரும்பழுப்பு அல்லது கருநீலம் ஒன்றால் நிரப்புங்கள். அதன்மேல் ஒரு புதிய அடுக்கை உருவாக்கி, அகலை வரையுங்கள். செம்மண் நிறத்தில் ஒரு தட்டையான கிண்ணமும், முன்பக்கம் சற்று நீண்ட மூக்கும், அந்த மூக்கின் விளிம்பில் கறுத்த திரியின் நுனியும் இருந்தால் போதும். வரைந்து முடித்ததும் அடுக்குப் பலகையில் அந்த அடுக்கின்மேல் வலது சொடுக்கு கொடுத்து, மெர்ஜ் டவுன் என்பதைத் தேர்ந்தால், அகலும் பின்னணியும் ஒரே அடுக்காகிவிடும். இதற்கு மேடை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வண்ணங்களைத் தொடக்கத்திலிருந்தே சிக்கனமாகக் கையாள வேண்டும். நாம் இறுதியில் பெறப்போகும் ஜிஃப் வடிவம் 1987இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் வெளியிட்டது; ஒரு ஃபிரேமுக்கு 256 வண்ணங்களுக்கு மேல் அதில் இடமில்லை. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்லக் கரையும் நிறப்படிவுகளையும் மங்கலான ஒளிவட்டங்களையும் சேர்த்தால், அவை ஏற்றுமதியில் பட்டைபட்டையாகத் தெரியும். சுடருக்கு வெளியே செம்மஞ்சள், உள்ளே வெளிர்மஞ்சள், திரியை ஒட்டிச் சிறிது நீலம் என மூன்று தட்டையான நிறங்கள் வைத்தால் போதுமானது.

சுடரை வரைதல்

மேடைக்கு மேல் படத்தின் முழு அளவிலேயே ஓர் ஒளிபுகும் அடுக்கைத் திறந்து, முதல் சுடரை வரையுங்கள். இது அமைதியாக, நேராக நிற்கும் சுடர். அடி உருண்டும் நுனி கூர்ந்தும் இருக்க, அகலின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரம் இருந்தால் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும்.

இரண்டாவது சுடருக்குப் போகுமுன், முதல் சுடர் இருக்கும் அடுக்கின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை, 30 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். இப்போது பழைய சுடர் மங்கலாகத் தெரிய, அதன்மேல் புதிய அடுக்கில் அடுத்ததை வரையலாம். காகிதத்தில் வரைந்த காலத்தில் அசைபடக் கலைஞர்கள் மெல்லிய தாள்களை விளக்குப் பலகைமேல் அடுக்கி, கீழே உள்ள படம் ஊடுருவித் தெரிய வரைந்ததும் இதே நோக்கத்தில்தான். முந்தைய ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் போதும். மூன்று நான்கு சுடர்கள் சேர்ந்து தெரிந்தால் எந்தக் கோட்டைப் பின்பற்றுகிறோம் என்பதே குழம்பிவிடும். ஆகவே அதற்கும் முந்தையவற்றைக் கண் சின்னத்தை அழுத்தி மறைத்துவிடுங்கள்.

சுடர் எப்படி ஆடுகிறது என்பதை ஒரு நிமிடம் உண்மையான விளக்கின் முன் அமர்ந்து பார்த்துவிட்டு வரைவது நல்லது. திரியில் பற்றியிருக்கும் அடிப்பகுதி இடம்விட்டு இடம் பெயர்வதே இல்லை. காற்று பட்டதும் முதலில் சாய்வது அதற்குச் சற்று மேலே உள்ள வயிற்றுப்பகுதி. நுனி அதற்குப் பின்னால் தாமதமாக வருகிறது. வயிறு திரும்பி நடுவுக்கு வந்தபின்பும் நுனி இன்னும் பழைய பக்கமே வளைந்திருக்கும். இந்தத் தாமதத்தை விட்டுவிட்டு, முழுச் சுடரையும் ஒரே துண்டாக இடமும் வலமும் சாய்த்தால் படத்தில் தெரிவது கடிகாரத்தின் ஊசலாக இருக்கும், தீயாக இருக்காது. வார்ப் டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் முதல் சுடரையே நகலெடுத்து வளைத்துவிடலாம் என்று தோன்றும். அது வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி வளைக்கும்போது மூன்று நிறங்களும் ஒரே அளவில் சாய்ந்துவிடுவதால், உள்சுடருக்கும் வெளிச்சுடருக்கும் இடையே இருக்க வேண்டிய அந்தச் சிறு முரண் இல்லாமல் போகிறது. கையால் வரைவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இனி, வரிசையைப் பார்ப்போம். இரண்டாவது ஓவியத்தில் வயிறு சற்று வலப்பக்கம் தள்ளியிருக்க, நுனி இன்னும் நேராக நிற்கிறது. மூன்றாவதில் சுடர் முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து, உயரம் குறைந்து, பக்கவாட்டில் பருத்திருக்கிறது. உயரம் குறையும்போது அகலம் கூட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இல்லையென்றால் சுடர் சுருங்கிவிட்டதாகக் கண் எண்ணிக்கொள்ளும். நான்காவதில் வயிறு நடுவுக்குத் திரும்ப, நுனி மட்டும் வலப்பக்கமே வளைந்து நிற்கிறது. ஐந்தாவதில் வயிறு நடுவைத் தாண்டிச் சற்று இடப்பக்கம் போயிருக்க, சுடர் மற்ற எல்லாவற்றையும்விட நெடிதாகவும் ஒல்லியாகவும் எழுகிறது. ஆறாவதில் எல்லாம் ஏறத்தாழ நடுவுக்கு வந்துவிட்டது. நுனி மட்டும் இடப்பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கிறது. இதற்குப் பின் மீண்டும் முதல் ஓவியமே வரப்போவதால், ஆறாவதை வரையும்போது ஐந்தாவதோடு முதலாவதையும் மங்கலாக வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே சுடர் இயல்பாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுழற்சி ஒட்டும் இடம் இதுவே என்பதால், மற்ற எந்த ஓவியத்தைவிடவும் இதற்குக் கூடுதலான நேரம் கொடுக்கலாம்.

ஏழாவது ஓவியம் முதலாவதன் இரட்டைப்பிள்ளை. அதே நேரான சுடர்தான், ஆனால் புதிதாக வரைந்தது. நுனி இரண்டு மூன்று பிக்சல் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். காற்று இல்லாத நேரத்தில் முதலாவதையும் ஏழாவதையும் மாற்றி மாற்றிக் காட்டினால், சுடர் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஒரே படத்தை நீண்ட நேரம் நிறுத்தினால் கணினி நின்றுவிட்டதோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும்; அதை இந்த ஒரேயோர் ஓவியம் தவிர்த்துவிடுகிறது.

பின்னணி காணாமல் போவது ஏன்

சுடர்கள் முடிந்ததும், மேடை கீழே, ஏழு சுடர்கள் மேலே என்ற நிலையில் அப்படியே ஏற்றுமதி செய்யத்தான் எல்லோருக்கும் தோன்றும். சாதாரணப் படத்தில் கீழடுக்கு எப்போதும் பின்னால் தெரிந்துகொண்டே இருக்கிறது. அசைபடமாக ஏற்றுமதி செய்யும்போது மேடையும் ஒரு ஃபிரேமாகிவிடும். சுடரில்லாத அகல் ஒரு கணம் தோன்றி மறைய, அதன்பின் சுடர்கள் அந்தரத்தில் தனியாக மிதக்கும். அல்லது, தேர்ந்த முறையைப் பொறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ஒரு மஞ்சள் கறையாகிவிடும்.

இந்த இரண்டு விளைவுகளுக்கும் காரணம் ஜிஃப் வடிவத்தில் உள்ள இரண்டு முறைகள். ரீப்ளேஸ் என்ற முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் வரும்போது முந்தையது முழுவதுமாக நீக்கப்படுகிறது. கம்பைன் என்ற முறையில் முந்தையது அப்படியே இருக்க, புதியது அதன்மேல் வந்து அமர்கிறது. நம் சுடருக்கு ரீப்ளேஸ் முறையே சரி. ஆனால் அதற்கு ஒவ்வொரு ஃபிரேமும் தன்னளவில் முழுப்படமாக இருந்தாக வேண்டும். ஆகவே மேடையை ஒவ்வொரு சுடருக்கும் ஒரு நகல் எடுத்து, அந்தச் சுடருக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்து, சுடர் அடுக்கின்மேல் மெர்ஜ் டவுன் கொடுங்கள். இணைக்கும் முன் ஒவ்வொரு சுடரின் ஒபாசிட்டியும் 100க்குத் திரும்பிவிட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 30இல் விட்ட சுடரை இணைத்தால் அது மங்கலாகவே மேடையில் பதிந்துவிடும். இந்த இணைப்பைத் தொடங்குமுன் கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப்பில் ஒரு பெயரில் சேமித்துவிட்டு, வேறொரு பெயரில் எடுத்த நகலில் வேலையைத் தொடருங்கள். நாளைக்கு ஒரு சுடரை மட்டும் திருத்த வேண்டுமென்றால், தனித்தனி அடுக்குகளோடு இருக்கும் முதல் கோப்பு இல்லாமல் முடியாது.

பெயரும் நேரமும்

இணைத்த பிறகு உங்களிடம் ஏழு முழுப்படங்கள் இருக்கும். அடுக்குப் பலகையில் மிகக் கீழே இருப்பதே முதலில் ஓடும். அங்கிருந்து மேல்நோக்கி வரிசை செல்லும். ஒருவேளை தலைகீழாக அடுக்கிவிட்டால், லேயர் பட்டியில் ஸ்டாக் என்பதன் கீழ் உள்ள ரிவர்ஸ் லேயர் ஆர்டர் ஒரே சொடுக்கில் அதைச் சரிசெய்துவிடும். முதலாவதையும் ஏழாவதையும் தேவையான அளவு நகலெடுத்து, கீழிருந்து 1, 7, 1, 7, 1, 7, அதன்மேல் 2, 3, 4, 5, 6 என்று அடுக்குங்கள். மொத்தம் 11 ஃபிரேம்கள்.

இப்போது ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் இருமுறை சொடுக்கி, பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறிக்குள் நேரத்தை எழுத வேண்டும். நேரம் மில்லி விநாடியில் இருக்கும். எண்ணை எழுதி, இடைவெளி விடாமல் எம், எஸ் என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதினால் கிம்ப் அதைப் புரிந்துகொள்ளும். அதையடுத்து இன்னோர் அடைப்புக்குறிக்குள் ரீப்ளேஸ் என்ற சொல்லையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்க்கலாம். அமைதியான ஆறு ஃபிரேம்களுக்கும் தலா 160 கொடுங்கள். காற்று வீசும் பகுதியில் இரண்டாவது, மூன்றாவது ஓவியங்களுக்கு 90, நான்காவதற்கு 80, ஐந்தாவதற்கு 100, ஆறாவதற்கு 120. சுழற்சி முழுவதும் 1440 மில்லி விநாடி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஓடும். சாயும்போது விரைவும் திரும்பி அமரும்போது நிதானமும் இருப்பதால்தான், காற்று வந்து தள்ளிவிட்டுப் போனது என்ற உணர்வு உண்டாகிறது. எல்லா ஃபிரேம்களுக்கும் 100 என்று ஒரே எண்ணைக் கொடுத்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால், அதே ஓவியங்கள் எவ்வளவு இயந்திரத்தனமாகத் தெரிகின்றன என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

ஜிஃப் வடிவம் நேரத்தை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்காகவே கணக்கிடுகிறது; ஆகவே எண்களைப் பத்தின் மடங்குகளாகவே எழுதுங்கள். மிகக் குறைந்த எண்களையும் தவிர்த்துவிடுங்கள்: 10 மில்லி விநாடி என்று கொடுத்தால், பெரும்பாலான உலாவிகள் அதைப் பொருட்படுத்தாமல் 100 ஆக்கிக்கொள்கின்றன. விரைவாக ஓட வேண்டும் என்று வைத்த ஃபிரேம்தான் அப்போது ஆமையாக நகரும்.

ஃபில்டர்ஸ் பட்டியில் அனிமேஷன் என்பதன் கீழ் இருக்கும் பிளேபேக்கைத் திறந்தால், படம் ஒரு தனிச் சாளரத்தில் ஓடும். ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கும் பொத்தானும் அங்கே இருக்கிறது. முதலில் சுடரின் நுனியை மட்டும் பின்தொடருங்கள். அது போகும் பாதை ஒரு வழவழப்பான வளைவாக இருக்க வேண்டும். எங்காவது திடீரென்று குதித்தால், அந்த இடத்தில் உள்ள ஓவியத்தைத்தான் திருத்த வேண்டும். நேரத்தை மாற்றி அதை மறைக்க முடியாது. அதன்பின் திரியை மட்டும் பாருங்கள். அது துளியும் ஆடக் கூடாது.

ஏற்றுமதி

ஃபைல் பட்டியில் எக்ஸ்போர்ட் அஸ் என்பதைத் தேர்ந்து, கோப்பின் பெயரில் ஜி, ஐ, எஃப் என்ற பின்னொட்டைக் கொடுங்கள். திறக்கும் பெட்டியில் அஸ் அனிமேஷன் என்பதைக் கட்டாயம் குறியிட வேண்டும். அதை விட்டுவிட்டால் அசையாத ஒரே படம்தான் கிடைக்கும். லூப் ஃபாரெவர் குறியிடப்பட்டிருந்தால் சுடர் ஓயாமல் ஆடும். நேரம் எழுதப்படாத ஃபிரேம்களுக்கு எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் 100 என்றிருப்பதை அப்படியே விடலாம். ஆனால், எல்லா ஃபிரேம்களுக்கும் மேலே கொடுத்த நேரத்தையே பயன்படுத்து என்ற பொருளில் இருக்கும் கட்டத்தைக் குறியிடாதீர்கள். குறியிட்டால் நீங்கள் பெயர்களில் எழுதிய நேரங்கள் அனைத்தும் புறக்கணிக்கப்படும்.

கோப்பின் அளவைக் குறைக்க விரும்புபவர்கள், ஏற்றுமதிக்கு முன் இமேஜ் பட்டியில் மோட் என்பதன் கீழ் இண்டெக்ஸ்டு முறைக்கு மாறி, வண்ணங்களை 32 ஆகக் குறைக்கலாம். நம் தட்டையான நிறங்களுக்கு அதுவே தாராளம். இருக்கும் நிறங்களின் புள்ளிகளைக் கலந்து, இல்லாத நிறத்தைப்போலக் காட்டும் டிதரிங் பற்றி அங்கே கேட்கப்படும். ஃபுளாய்ட்-ஸ்டெய்ன்பெர்க் முறை புகைப்படங்களுக்கு நல்லது. அசைபடத்தில் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகளை வேறுவேறு இடங்களில் தூவுவதால், அசையாத பின்னணியில் எறும்புகள் ஊர்வதுபோன்ற சலனம் உண்டாகும். டிதரிங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறப்படிவுகள் இருந்தே ஆக வேண்டிய படமென்றால், புள்ளிகளை இடம் மாற்றாமல் வைக்கும் பொசிஷன்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, ஃபில்டர்ஸ் பட்டியில் அனிமேஷன் என்பதன் கீழ் உள்ள ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப், ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அசையாத அகலும் இருட்டும் ஒருமுறை மட்டுமே கோப்பில் இடம்பெறும். இது ஒரு புதிய படமாகத் திறக்கும் என்பதால் மூலக்கோப்புக்குச் சேதமில்லை. அதன்மேல் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

சில மின்னஞ்சல் செயலிகள் ஜிஃப் கோப்பின் முதல் ஃபிரேமை மட்டுமே காட்டும். நம் வரிசையில் அது நேராக எரியும் முழுச் சுடராக இருப்பதால் அங்கும் படம் குறையில்லாமல் தெரியும். வேறு எதைச் செய்தாலும், மிகக் கீழே உள்ள அடுக்கைத் தனியாகப் பார்க்கத்தக்க படமாக வைத்துக்கொள்வது நல்லது.

கம்பைன் முறைக்கு ஏற்ற வேலை

ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும் படங்களுக்குக் கம்பைன் முறை மிக வசதியானது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அகரத்தை எழுதும் முறையைக் காட்ட ஓர் அசைபடம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றைக் கீழடுக்காக வைத்து, அதன்மேல் ஒளிபுகும் அடுக்கில் அகரத்தை முழுமையாக எழுதிவிடுங்கள். அதை நகலெடுத்து, இரண்டில் கீழே இருப்பதில், கடைசியாக எழுதப்படும் செங்குத்துக் கோட்டின் அடிமுனையைச் சிறிது அழியுங்கள். அழித்ததை மீண்டும் நகலெடுத்து, கீழே இருப்பதில் இன்னும் கொஞ்சம் அழியுங்கள். இப்படியே எழுத்தின் தொடக்கச் சுழி வரை பின்னோக்கிப் போனால், எழுதும் வரிசை கீழிருந்து மேலாகத் தானாக அமைந்துவிடும். எல்லா ஃபிரேம்களிலும் கோட்டின் தடிமனும் வளைவும் ஒன்றாகவே இருக்கும். முன்னோக்கி எழுதிக்கொண்டு போனால் இந்த ஒருமையைக் கொண்டுவருவது கடினம். இங்கே வெள்ளைத்தாளை எதனோடும் இணைக்க வேண்டியதில்லை. ரீப்ளேஸ் என்ற சொல்லுக்குப் பதிலாகக் கம்பைன் என்று எழுதினால் போதும். தாளுக்கு 500, இடைப்பட்டவற்றுக்குத் தலா 120 கொடுங்கள். முழு எழுத்து இருக்கும் மேலடுக்குக்கு மட்டும் 2000 கொடுத்தால், அடுத்த சுழற்சி தொடங்குமுன் குழந்தை அதைப் பார்த்துத் தன் சிலேட்டில் எழுதிக்கொள்ள நேரம் கிடைக்கும்.